வேலை போய்விட்டது: காத்திருப்பதா, கிடைத்ததில் சேர்வதா, கோர்ஸ் படிப்பதா, டிஎன்பிஎஸ்சி எழுதுவதா?

நாவலூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வயது 34, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினொரு வருட அனுபவம், அத்தனையும் ஒரே கம்பெனியில். காலை பதினோரு மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். ஃப்ளாட்டுக்கு மாதம் 38,000 ரூபாய் இஎம்ஐ. மகள் இரண்டாம் வகுப்பு. பழைய சம்பளத்தில் பாதிக்கு, மாதம் 45,000 கையில் வருகிற மாதிரி ஒரு காண்ட்ராக்ட் வேலை வந்திருக்கிறது. சேரட்டுமா, காத்திருக்கட்டுமா என்று கேட்கிறார்.

தாம்பரத்திலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர். கேம்பஸில் ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனி எட்டு மாதமாகச் சேரும் தேதியைச் சொல்லவில்லை. அப்பா குரூப் 4 எழுதச் சொல்கிறார். தோழிகள் வேளச்சேரியில் டேட்டா சயின்ஸ் கோர்ஸ் சேரலாம் என்கிறார்கள். கட்டணம் 85,000 ரூபாய்.

மூன்றாமவருக்கு 46 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தவர். பையன் பிளஸ் டூ. அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிடுகிறது, ஆனால் பதவியும் சம்பளமும் இரண்டு படி கீழே.

நான் பத்து வருடத்துக்கும் மேல் ஆளெடுக்கும் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவள். 2020இல் எனக்கே வேலை போனது. ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி கிடையாது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், 12,000 பேருக்கும் மேல் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் பல வீடுகளில் பெற்றோர் "அங்கேயேவா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது அரசு வேலைக்குச் சமமாக இருந்தது. அந்த நம்பிக்கை ஆடிப்போயிருக்கும் நேரத்தில், யாரோ சொன்னார்கள் என்று ஒரு வழியில் இறங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

## முதலில் எதை வைத்து அளப்பது

நான் நான்கு அளவுகோல் வைத்திருக்கிறேன். அதில் முதலாவதுதான் பெரியது.

முதலாவது, கையில் எத்தனை மாதம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து மாதச் செலவை எழுதுங்கள். வாடகை அல்லது இஎம்ஐ, மளிகை, மின்சாரம், பெட்ரோல், அம்மா அப்பாவின் மாத்திரை, சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி, எல்லாம். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் மாதிரி வருடத்தில் ஒருமுறை வருவதைத் தனியாக எழுதுங்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்குள் கைக்கு வரக்கூடிய பணத்தை மட்டும் கூட்டுங்கள். நகை, பிஎஃப், சொந்தக்காரர் தருவதாகச் சொன்ன பணம் எதுவும் இதில் வரக் கூடாது.

நாவலூர்க்காரரின் கணக்கு இது. நோட்டீஸ் சம்பளமும் லீவ் பணமுமாக 3 லட்சம், ஃபிக்ஸட் டெபாசிட் 1.5 லட்சம், மொத்தம் 4.5 லட்சம். பள்ளிக் கட்டணம் 60,000 போக 3.9 லட்சம். மாதச் செலவு 72,000. ஆக ஐந்தரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண் தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேசுவது வீண்.

இதில் அவர் ஒன்றை மறந்துவிட்டார்: கிராஜுவிட்டி. ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு அது சட்டப்படி வர வேண்டிய பணம். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அவர் அடிப்படைச் சம்பளம் 40,000. பதினொரு வருடத்துக்கு 2,53,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஐந்தரை மாதம் கிட்டத்தட்ட ஒன்பது மாதமாகிவிட்டது. "ஹெச்ஆர் சொல்லவில்லை" என்றார். கேட்டால்தான் பல இடங்களில் சொல்வார்கள்.

வெளியே அனுப்பும் நாளில் ராஜினாமா கடிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வதும் உண்டு. "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருகிறவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ, அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். ஐடி ஊழியர்களுக்கும் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியது. நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாமல் போகும். சுத்தமான ரிலீவிங் லெட்டருக்காகப் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு, தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு முடிவெடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நின்ற இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிஎஃப் பணத்தை முதல் மாதமே எடுக்கத் தோன்றும். முடிந்தவரை தொடாதீர்கள். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. ஐந்து வருடம் பூர்த்தியாகாமல் எடுத்தால் வரி விழும். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். பத்து வருடம் ஆகும் முன் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துக் கணக்கை முடித்தால் அந்த வருடங்களும் கரைந்துபோகும்.

இரண்டாவது, திரும்பி வர முடியுமா. தேர்ந்தெடுத்த வழியில் ஒரு வருடம் போன பிறகு, சரிப்படவில்லை என்றால் பழைய தொழிலுக்குள் நுழைய முடியுமா? அடுத்த இன்டர்வியூவில் அந்த ஒரு வருடத்தை எப்படி விளக்குவீர்கள்?

மூன்றாவது, கண்ணில் படாத செலவு. பணச் செலவு மட்டும் இல்லை. நேரம், உடம்பு, அடுத்த சம்பளத்தின் அளவு எல்லாம் இதில் வரும்.

நான்காவது, வீடு தாங்குமா. உங்கள் சம்பளத்தை நம்பி எத்தனை பேர், வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறதா, தினமும் "என்ன ஆச்சு?" என்ற கேள்வியை எத்தனை நாள் தாங்குவீர்கள்.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| | காத்திருந்து அதே தரத்தில் தேடுவது | கிடைத்ததில் சேர்வது | கோர்ஸ் படிப்பது | அரசுத் தேர்வு |
|---|---|---|---|---|
| தேவையான கையிருப்பு | 6 மாதமாவது | 3 மாதத்துக்குக் கீழ் இருந்தாலும் சரி | 6 மாதம், கட்டணம் தனி | 2 வருடம், அல்லது வீட்டில் வேறு சம்பளம் |
| முதல் சம்பளம் | 3 முதல் 6 மாதம் | சில வாரம் | கோர்ஸ் முடிந்து 3 மாதத்துக்கு மேல் | ஒன்றரை வருடத்துக்கு மேல் |
| மறைந்திருக்கும் செலவு | சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, தளரும் மனசு | குறைந்த சம்பளம் ஒட்டிக்கொள்வது, இன்டர்வியூவுக்கு நேரமின்மை | கடன், ஜிஎஸ்டி, அனுபவமில்லாத சான்றிதழ் | வயது, அனுபவ இடைவெளி |
| திரும்பி வருவது | எளிது | காலம் குறைவாக இருந்தால் எளிது | பழைய தொழிலை ஒட்டியிருந்தால் எளிது | இரண்டு வருடத்துக்குப் பிறகு கடினம் |
| யாருக்கு ஏற்றது | அனுபவசாலி, சேமிப்பு உள்ளவர் | குடும்பச் சுமை உள்ளவர் | எதைக் கற்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர் | 27க்குக் கீழ், வீட்டுச் சுமை இல்லாதவர் |

மாதக் கணக்கெல்லாம் நான் பார்த்ததை வைத்துப் போட்டது. உங்களுக்கு இரண்டு மாதம் முன்பின் ஆகலாம்.

## காத்திருந்து அதே தரத்தில் தேடுவது

பலரும் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் இதுதான் நீண்ட காலத்தில் அதிக வருமானம் தரும் வழி. உங்களிடம் ஒரு பலமும் இருக்கிறது: உடனே சேர முடியும். வேலையில் இருக்கிற பெரும்பாலான ஐடி ஊழியர்களுக்கு 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியட். புராஜெக்ட் கையில் இருந்து ஆள் இல்லாமல் தவிக்கிற மேனேஜருக்கு, திங்கட்கிழமை வந்து உட்காரக்கூடிய ஆள் தங்கம் மாதிரி. ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

ஆனால் ஒரே ரெஸ்யூமேவை முந்நூறு இடத்துக்கு அனுப்புவது தேடுவதாகாது. நான் ஆளெடுத்த காலத்தில் ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். நான் முதலில் திறப்பது உள்ளே இருப்பவர் ரெஃபரலாக அனுப்பிய பத்தைத்தான். அதனால் வாரத்துக்கு எட்டுப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தெரிந்தவர் யார் என்று தேடுவதே மேல்.

அதற்கு வேலை போனதை வெளியே சொல்ல வேண்டும். நான் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வாடகை வீட்டின் ஓனரம்மா கேட்டால்கூட "வீட்டிலிருந்தே வேலை" என்பேன். அது கொரோனா காலம் என்பதால் பொய் நின்றது. கடைசியில் பெரம்பூரில் ஒரு கல்யாணத்தில், முன்பு என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம் மனசு விட்டுச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா, போன மாசம்தான் எங்க டீம்ல ஒரு ஆள் எடுத்தோம்" என்றாள். அடுத்த இடம் வந்தபோது என்னைச் சொன்னதும் அவள்தான். அந்த இரண்டு மாத மௌனத்துக்கு நான் கொடுத்த விலை என் பிள்ளையின் பெயரில் இருந்த ஒரு டெபாசிட்.

மறைந்திருக்கும் செலவில் முதலிடம் மருத்துவக் காப்பீட்டுக்கு. கம்பெனி கொடுத்த குரூப் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. வெளியே வருவதற்கு முன்பே ஹெச்ஆரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் நீங்கள் கழித்த வருடங்கள் அதில் கணக்கில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. சர்க்கரையோ பிரஷரோ உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்று, இஎம்ஐ. பணம் தீரும் வரை கட்டிவிட்டு ஒரு நாள் பவுன்ஸ் ஆக விடாதீர்கள். இரண்டு மாதக் கையிருப்பு இருக்கும்போதே வங்கிக் கிளைக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பவுன்ஸ் ஆனால் சிபில் ஸ்கோர் இறங்கும். வங்கி, நிதித்துறைக் கம்பெனிகளில் ஆளெடுக்கும்போது அந்த ஸ்கோரையும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடுகிறவருக்கு இது இரட்டை அடி.

காலத்தையும் பாருங்கள். டிசம்பர் பாதியிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடுமுறையில் போய்விடுவதால் ஆளெடுப்பு மந்தமாகும். ஜனவரியிலும் ஏப்ரலிலும் புது பட்ஜெட் வந்ததும் கொஞ்சம் சூடுபிடிக்கும். ஆடியில் சேர வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று வீட்டில் சொன்னால், பெரியவர்கள் மனசு நோகாமல் பேசிவிட்டு ஆடியிலேயே சேருங்கள். ஒரு மாதத்தில் ஆஃபர்கள் திரும்பப் பெறப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

## கிடைத்ததில் சேர்வது

கையிருப்பு மூன்று மாதத்துக்குக் கீழே போய்விட்டால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் கிடையாது. மாதக் கடைசியில் பணம் இல்லாத பதற்றத்தோடு இன்டர்வியூவில் உட்காருபவரின் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பதற்றத்தில் ஒப்புக்கொள்ளும் சம்பளம் இன்னும் கீழே இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். நாவலூர்க்காரருக்கு மாதம் 45,000 வந்தால், செலவில் துண்டு விழுவது 27,000 மட்டும்தான். கிராஜுவிட்டியோடு சேர்த்த அவர் சேமிப்பு அப்போது ஒன்பது மாதத்துக்குப் பதில் இரண்டு வருடம் வரை இழுக்கும்.

ஆனால் இந்த வழியின் செலவுகள் மெதுவாகத் தெரியும். அடுத்த கம்பெனி கடைசி மூன்று மாத பே-ஸ்லிப் கேட்கும். அதில் இருக்கும் தொகையிலிருந்துதான் பேச்சு தொடங்கும். "இரண்டு மாதம்தானே, ரெஸ்யூமேயில் போடாமல் விட்டுவிடலாம்" என்றும் முடியாது. பிஎஃப் பிடித்தால் யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) கணக்கின் சேவை வரலாற்றில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பதிவாகிவிடும். பின்புல விசாரணை செய்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் மறைக்காமல், "இடைக்கால வேலை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நேராகச் சொன்னவரை நான் ஒருபோதும் நிராகரித்ததில்லை.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது நோட்டீஸ் பீரியடை. இடைக்கால வேலைக்கு 90 நாள் நோட்டீஸ் இருந்தால், உடனே சேர முடியும் என்ற உங்கள் பலமே போய்விடும். 30 நாளுக்குப் பேசுங்கள். காண்ட்ராக்ட் வேலைகளில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்புறம், நீங்கள் யாருடைய பேரோலில் இருப்பீர்கள், சம்பளம் எந்தத் தேதியில் வரும், இன்ஷூரன்ஸ் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பாண்ட் என்று எதையாவது நீட்டினால் முழுதாகப் படியுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள். எத்தனை நல்ல கம்பெனியாக இருந்தாலும், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமே தவிர, வைத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த வேலை என்றால், புதிய சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வருகிறது. ஆஃபர் லெட்டரில் உங்கள் வேலை எந்த வகை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை, பார்த்து ஏமாறாதீர்கள். கம்பெனி தரும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு, வந்தால் உண்டு என்கிற வேரியபிள் எல்லாம் அதற்குள் இருக்கும். "மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும்?" என்ற ஒரே கேள்வி போதும். அதிலும் போக்குவரத்தைக் கழியுங்கள். ஆவடியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வருபவர் பணத்தோடு நான்கு மணி நேரத்தையும் கொடுக்கிறார். அந்த நேரத்தில்தான் அவர் அடுத்த வேலையைத் தேடியிருக்க வேண்டும்.

டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் வாடகையைச் சமாளிக்க உதவும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய ஊரில், வண்டித் தேய்மானத்தையும் கழித்துத்தான் வருமானத்தை எண்ண வேண்டும். மாலையிலும் இரவிலும் ஓட்டிவிட்டு, காலை நேரத்தை இன்டர்வியூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஆப் மூலம் வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கென்று 2023இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்திருக்கிறது. ஓட்டத் தொடங்கும்போதே அதில் பதிந்துகொள்ளுங்கள்.

## கோர்ஸ் படிப்பது

வேலை போனவரின் பயத்தை நம்பியே நடக்கிற பயிற்சி நிலையங்கள் இந்த ஊரில் நிறைய. அதனால் இந்த வழியில் நான் கொஞ்சம் கறாராக இருக்கிறேன்.

கோர்ஸ் எப்போது உதவும்? நீங்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலையை ஒட்டி ஒரு படி மேலே போகும்போது. கையால் டெஸ்ட் செய்தவர் ஆட்டோமேஷன் கற்றுக்கொள்வது, பர்ச்சேஸில் இருந்தவர் எஸ்ஏபி என்ற நிர்வாக மென்பொருளில் அதற்கான பகுதியைக் கற்றுக்கொள்வது, அக்கவுன்ட்ஸில் இருந்தவர் ஜிஎஸ்டி தாக்கலில் கைதேர்வது. பத்து வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு முற்றிலும் புதிய துறைக்குப் போனால், நீங்கள் 22 வயதுக்காரரோடு அவருடைய சம்பளத்துக்குப் போட்டியிடுகிறீர்கள்.

எதைப் படிப்பது என்று பயிற்சி நிலையத்தைக் கேட்காதீர்கள். உங்கள் துறையில் வந்த இருபது வேலை விளம்பரங்களை எடுத்து, உங்களிடம் இல்லாத எந்தத் திறமை அடிக்கடி வருகிறது என்று குறியுங்கள். அதுதான் உங்கள் பாடத்திட்டம். அதைக் கற்க முதலில் என்பிடெல் மாதிரி இடங்களைப் பாருங்கள். ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குக் கட்டணம், ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். நான்கு வாரம் அதை விடாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதற்கே பொறுமை இல்லையென்றால் 85,000 கட்டினாலும் அதே கதைதான்.

மறைந்திருக்கும் செலவு கட்டணத் தவணையில் இருக்கிறது. "வட்டியில்லா இஎம்ஐ" என்று சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடுவது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். கோர்ஸ் பிடிக்காமல் மூன்றாம் வாரம் நின்றாலும் கடன் நிற்காது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. "நூறு சதவீத பிளேஸ்மென்ட் உதவி" என்பதில் உறுதி எதுவும் கிடையாது, உதவி மட்டும்தான். போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடம், சுவரில் படம் ஒட்டியிருப்பவர்களை விட்டுவிட்டு வேறு இருவரிடம், போனில் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கோர்ஸோடு "ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்" சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருட போலி அனுபவம், போலி பே-ஸ்லிப், சில சமயம் ஒரு போலி பிஎஃப் கணக்குகூட. தயவுசெய்து போகாதீர்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பின்புல விசாரணையில் பிடிபட்டு, அன்று மாலையே அனுப்பப்பட்டவர்களின் கோப்பை நானே கையாண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தவர்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

## அரசுத் தேர்வு

எண்களைப் பார்த்துவிடுவோம். 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பின்னால் கூட்டப்பட்டன என்றாலும், முதல் அறிவிப்பை வைத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கும் அதிகம். எல்லோரும் தீவிரமாகப் படித்து வருபவர்கள் இல்லை என்பது உண்மை. அப்படியும் போட்டி கடுமையானது.

300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு. அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் தமிழுக்குப் பதிலாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்தவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். தமிழ் வழியில் படித்தவருக்கு இதுவே பலம். இளநிலை உதவியாளர் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 19,500இல் தொடங்குகிறது. அகவிலைப்படி அதற்கு மேல்.

படிப்பதற்கு இந்த ஊரில் பணம் பெரிய தடை இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. காலையிலேயே இடம் பிடிக்க நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்திலும் படிக்க இடம் உண்டு.

இந்த வழியின் உண்மையான செலவு வருடங்கள். அறிவிப்பு, தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஒரு சுற்று முடியவே வருடம் ஓடிவிடும். "இந்தத் தடவை இரண்டு மார்க்கில் போச்சு" என்ற வார்த்தை இன்னொரு வருடத்தைக் கேட்கும். அப்படியே 29 வயதாகி, அனுபவம் எதுவும் இல்லாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். அவர்கள் அறிவாளிகள். ஆனால் அந்த இடைவெளியை என் மேனேஜருக்கு விளக்க என்னால் முடியாமல் போயிருக்கிறது.

அதனால் இரண்டு நிபந்தனை சொல்வேன். எத்தனை முறை எழுதுவீர்கள் என்பதை முதல் நாளே தேதியோடு எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். முழு நேரமும் படிக்காமல், அரை நாள் வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், வேலை போன நேரத்தில் இந்த வழியைத் தொடங்க வேண்டாம்.

## எந்த வழியானாலும் ஒரு எச்சரிக்கை

வேலைக்குப் பணம் கேட்டால் அது வேலை கிடையாது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், "பேக்டோர்" கமிஷன், எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணமே இல்லை. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மர் பக்கம் "டிஜிட்டல் மார்க்கெட்டிங்" வேலைக்குப் போய், சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அரசு மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆன்லைனில் பணம் போய்விட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

## எழுதிய மூவருக்கும்

தாம்பரம் தங்கைக்கு: ஆஃபர் லெட்டரை இனி நம்பியிருக்காதே. 85,000 கட்ட வேண்டாம். உன் வீடு உன் சம்பளத்தை நம்பியில்லை என்று எழுதியிருக்கிறாய். தமிழ் வழியில் படித்ததாகவும் சொல்கிறாய். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த குரூப் 4 ஒருமுறை, அதற்கு அடுத்தது ஒருமுறை, அதோடு நிறுத்து. இடையில் பக்கத்தில் கிடைக்கிற ஏதாவது ஒரு ஆஃபீஸ் வேலையில் சேர்ந்துவிடு. சம்பளம் 15,000 என்றாலும் பரவாயில்லை, அனுபவம் ஓடிக்கொண்டிருக்கும்.

நாவலூர் தம்பிக்கு: உங்களிடம் ஐந்தரை மாதம் என்று நினைத்துப் பயந்தீர்கள், உண்மையில் ஒன்பது மாதம் இருக்கிறது. முதலில் கிராஜுவிட்டியைக் கேட்டு மெயில் அனுப்புங்கள். நான்கு மாதம் பழைய தரத்திலேயே தேடுங்கள், காலையில் இரண்டு மணி நேரம் ஆட்டோமேஷன் பழகுங்கள். காலண்டரில் அந்த நான்காம் மாதக் கடைசி நாளை வட்டமிட்டு வையுங்கள். அன்றும் ஆஃபர் இல்லையென்றால், அப்போது கிடைக்கிற காண்ட்ராக்ட்டில் 30 நாள் நோட்டீஸ் பேசிச் சேர்ந்துவிடுங்கள். கிராஜுவிட்டி வர இழுத்தடித்தால், இந்தத் தேதியை இரண்டு மாதம் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அண்ணாவுக்கு: உங்களிடம் எட்டு மாதக் கையிருப்பு இருந்தாலும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 46 வயதில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும், 34 வயதில் இருப்பதைவிட அதிக விலை கேட்கும். அது நியாயமில்லை, ஆனால் அந்த மேசையில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். 2022இல் மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்திய பிறகு, உங்கள் துறையில் பலர் இதே மாதிரி இரண்டு படி இறங்கித்தான் மறுபடி ஏறினார்கள். பையன் பிளஸ் டூ முடிக்கும் வரை ஊர் மாறவும் முடியாது. இருபது வருடமாக உங்களுக்குச் சரக்கு அனுப்பிய சப்ளையர்களுக்கு எந்தக் கம்பெனி விரிவாக்கம் செய்கிறது, எங்கே ஆள் தேவை என்று எந்த இணையதளத்தையும்விட முன்னால் தெரியும். அவர்களில் பத்து பேருக்கு இன்று மாலையே போன் செய்யுங்கள். அம்பத்தூர் அழைப்பைத் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். சம்பளம் பேசும்போது பழைய சிடிசியைச் சொல்லித் தொடங்காதீர்கள். தாளில் எழுதிய மாதச் செலவு இருக்கிறதே, அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைத்து அங்கிருந்து தொடங்குங்கள்.